ஜூலையில் ஊற்று நீர் மழையைவிட "லேசாக" இருப்பது ஏன்?

ஜூலையில் பிடித்த மழை, ஊற்று மாதிரிகளில் ஊற்று நீரே லேசு என்று ஆய்வக முடிவு வந்தால், அது ஆய்வகத்தின் தவறாக இருக்க வேண்டியதில்லை. குன்னூர்ப் பக்கம் ஜூலை மழையைவிட அதே மாத ஊற்று நீரில் ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான வகை) குறைந்திருப்பது இயல்பாகவே நடக்கும்.

அங்கே பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். வடகிழக்குப் பருவமழையில் பொதுவாகத் தென்மேற்கைவிட ஆக்சிஜன்-18 குறைவு. அந்த நீர் சிதைந்த பாறை அடுக்கில் மாதக்கணக்கில் தங்கி, புதுமழை மேலிருந்து தள்ளும்போது வெளியே வருகிறது. ஜூலையில் நீங்கள் பிடித்ததில் பெரும்பங்கு போன ஆண்டு மழையாக இருக்கலாம்.

ஆனால் முதலில் மழை மாதிரியைச் சோதியுங்கள். மாதம் முழுக்கத் திறந்த புனலில் கிடந்த நீர் ஆவியாகி, ஆக்சிஜன்-18 ஏறியிருக்கும்.

1. ஆய்வகம் தந்த டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) டெல்டா மதிப்பிலிருந்து ஆக்சிஜன்-18 டெல்டா மதிப்பின் 8 மடங்கைக் கழியுங்கள். விடை 10‰-ஐ (‰ என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டியோ மேலோ இருந்தால் நல்லது. வெகுவாகக் குறைந்தால் ஆவியாதலைச் சந்தேகியுங்கள். சிறு தூறல் விழும்போதே காற்றில் ஆவியாகும் என்பதால், அன்றாட மழையளவையும் சேர்த்துப் பாருங்கள்.

2. கனமழைக்குப் பின் சில நாள்கள் ஊற்றின் மின்கடத்துதிறனை அளவிடுங்கள். சட்டென இறங்கினால் புதுநீர் கலக்கிறது. அசையாவிட்டால் பழைய நீர்.

மழைமானி ஊற்றருகே இருந்தால் ஒரு சிக்கல்: நீர் இறங்கும் இடம் மேலே இருக்கும். 100 மீட்டர் ஏற்றத்துக்கு ஆக்சிஜன்-18 சுமார் 0.15 முதல் 0.5‰ வரை குறையும். 300 மீட்டர் உயர வேறுபாடே மழைக்கும் ஊற்றுக்கும் உள்ள வித்தியாசத்தில் சுமார் 0.45 முதல் 1.5‰ வரை விளக்கிவிடலாம். மேட்டில் இன்னொரு மானி வைக்காமல் நீரின் வயதைக் கணக்கிடாதீர்கள்.