இலவசமா கருத்தடை குடுத்தா டீன் ஏஜ் கர்ப்பம் குறையுமா? உங்க கேள்விகளும் என் பதில்களும்

நான் சமூக மருத்துவம் படிச்ச டாக்டர், குடும்ப நலம் பக்கம்தான் வேலை. கேள்வி கேட்டவங்க பேர் எதுவும் போடல, ஒரே மாதிரி வந்ததை ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி (திருச்சி, டீச்சர்): அமெரிக்கால ஃப்ரீயா கருத்தடை குடுத்தே சின்னப் பொண்ணுங்க கர்ப்பம் ஆகறதை பெரிய அளவுல குறைச்சிட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு. உண்மையா மேடம்?

உண்மை இருக்கு டீச்சர், ஆனா ஃபார்வர்ட்ல அதை ஒரே வரியா சுருக்கிடறாங்க. மிசௌரி மாநிலத்துல செயின்ட் லூயிஸ்னு ஊர். அங்க இருக்கற வாஷிங்டன் யூனிவர்சிட்டில ஜெஃப்ரி பைபர்ட்ங்கற டாக்டரோட டீம் 2007லேர்ந்து 2011 வரைக்கும் 14 வயசுலேர்ந்து 45 வயசு வரை 9,256 பேரை சேர்த்தாங்க, சாய்ஸ் ப்ராஜெக்ட்னு பேரு. எந்தக் கருத்தடை வேணும்னாலும் காசு வாங்காம குடுத்தாங்க, குடுக்கறதுக்கு முன்னாடி உக்கார வெச்சு ஒவ்வொண்ணும் எவ்வளவு நல்லா வேலை செய்யும்னு பொறுமையா சொன்னாங்க, எப்ப வேணா மாத்திக்கலாம்னும் சொன்னாங்க. இதுல 15லேர்ந்து 19 வயசுல 1,404 பொண்ணுங்க. அவங்கள்ல 72 சதவீதம் பேர் மாத்திரையை விட்டுட்டு கருப்பைக்குள்ள வைக்கற லூப்பையோ கைத்தோலுக்கு அடியில வைக்கற இம்ப்ளான்ட்டையோ கேட்டு வாங்கிக்கிட்டாங்க.

முடிவு 2014ல வெளியாச்சு. இந்தப் பொண்ணுங்கள்ல வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 34 பேர் கர்ப்பம் ஆனாங்க, நாடு முழுக்க அதே வயசுல உறவுல இருந்த பொண்ணுங்க கணக்கு ஆயிரத்துக்கு 158. கருக்கலைப்பு இவங்கள்ல ஆயிரத்துக்கு 9.7, நாடு முழுக்க 41.5. பார்த்தாலே தெரியும் எவ்வளவு பெரிய வித்தியாசம்னு. ஆனா ஒண்ணு, இவங்க தானா முன்வந்து "எனக்கு இப்ப குழந்தை வேணாம்"னு சேர்ந்தவங்க, குலுக்கல் போட்டு எடுத்தவங்க இல்ல. அதனால அந்த முழு வித்தியாசத்தையும் இலவசத்தோட கணக்குல எழுதிட முடியாது.

கேள்வி (கோயம்புத்தூர், ரெண்டு பொண்ணுக்கு அப்பா): தப்பா எடுத்துக்காதீங்க. ஃப்ரீயா கைல குடுத்தா தைரியம் வந்து பசங்க கெட்டுப் போக மாட்டாங்களா?

தப்பே இல்ல சார், எல்லா அப்பா அம்மாவுக்கும் இருக்கற பயம்தான். அந்த ப்ராஜெக்ட்லயே இதையும் பார்த்தாங்க. கடைசி ஒரு மாசத்துல ஒருத்தருக்கு மேல துணை இருந்ததா சொன்னவங்க சேரும்போது 5.2 சதவீதம், ஒரு வருஷம் கழிச்சு 3.3. கூடல, குறைஞ்சிருக்கு.

ஆனா உங்க பக்கம் பேசற ஒரு ஆராய்ச்சியும் இருக்கு, அதை மறைச்சா நான் நேர்மையா பேசறேன்னு ஆகாது. 1990கள்ல அமெரிக்கால சில பள்ளிக்கூடங்கள்ல ஆணுறை இலவசமா குடுத்தாங்க இல்லையா, அந்த ஊர்கள்ல டீன் ஏஜ் பிரசவம் சுமார் 10 சதவீதம் கூடிச்சுன்னு பக்கிள்ஸ், ஹங்கர்மன்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2018ல எழுதினாங்க. கூடினது பெரும்பாலும் எங்கன்னு பாருங்க, ஆலோசனை கட்டாயமா இல்லாம சும்மா பாக்கெட்டை மட்டும் குடுத்த இடத்துல. ஆணுறை சாதாரணமா பயன்படுத்தறப்ப வருஷத்துக்கு நூத்துக்கு 13 பேருக்கு தவறிடும், 16 வயசுப் பையன் கையில இன்னும் அதிகமாவே தவறும். யாரும் பேசாம, சொல்லிக் குடுக்காம, ஒரு டப்பாவை மூலைல வெச்சுட்டு வேலை முடிஞ்சுதுன்னு போறதை நானும் இலவச கருத்தடைத் திட்டம்னு சொல்ல மாட்டேன் சார்.

கேள்வி (சென்னை, ஸ்டாடிஸ்டிக்ஸ் ஸ்டூடண்ட்): அமெரிக்கால கொலராடோ மாநிலத்துல டீன் ஏஜ் பிரசவம் 40% குறைஞ்சதுன்னு சொல்றாங்களே, அதே சமயம் அமெரிக்கா முழுக்கவே குறைஞ்சிட்டுதான இருந்துச்சு?

சரியான இடத்துல பிடிச்சிருக்க தம்பி. 2009ல ஆரம்பிச்சு, கோடீஸ்வரர் வாரன் பஃபெட்டோட மறைஞ்ச மனைவி பேர்ல இருக்கற அறக்கட்டளை பணத்துல, கொலராடோ மாநிலம் முழுக்க இருந்த குடும்பநல கிளினிக்குகள்ல 30,000க்கு மேல லூப்பும் இம்ப்ளான்ட்டும் இலவசமாவோ ரொம்ப குறைஞ்ச காசுக்கோ போட்டாங்க. 2013க்குள்ள டீன் ஏஜ் பிரசவம் 40 சதவீதம் குறைஞ்சதுன்னு கவர்னர் ஹிக்கன்லூப்பர் அறிவிச்சார். அதே நாலு வருஷத்துல நாடு முழுக்க ஆயிரத்துக்கு 37.9லேர்ந்து 26.5க்கு வந்திருச்சு, அதாவது திட்டம் இல்லாத ஊர்லயும் 30 சதவீதம் போயிடுச்சு. லிண்டோ, பாக்கம்னு ரெண்டு பேர் மத்த மாநிலங்களோட ஒப்பிட்டு கவனமா கணக்கு போட்டப்ப, கிளினிக் இருந்த மாவட்டங்கள்ல திட்டத்தால மட்டும் குறைஞ்சது அஞ்சு வருஷத்துல சுமார் 6.4 சதவீதம்.

6.4னு கேட்டதும் "ப்பூ இவ்வளவுதானா"ன்னு தோணும், எனக்கு அப்படித் தோணல. அந்த மாவட்டத்துல இருக்கற எல்லாப் பொண்ணுங்களும் கிளினிக்குக்கு வரல, கொஞ்ச பேர்தான் வந்தாங்க, அப்படியும் மாவட்டத்தோட மொத்தக் கணக்கே அசைஞ்சிருக்கு, அதுவும் ஏழ்மை ஜாஸ்தியான மாவட்டங்கள்லதான் அதிகமா அசைஞ்சிருக்கு. அதுக்கப்புறம் 2021ல இன்னொரு ஆராய்ச்சி வந்துச்சு, அந்தத் திட்டத்தால ஸ்கூல் படிப்பை முடிக்காம நின்னுபோற பொண்ணுங்க எண்ணிக்கை 14 சதவீதம் குறைஞ்சதுன்னு. எனக்கு மனசுல நின்னது இந்தக் கணக்குதான். பிரசவம் எத்தனை குறைஞ்சதுன்னு எண்ணிட்டே இருக்கோம், அந்தப் பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சாளான்னு கேக்கறது ரொம்ப கம்மி.

இன்னொரு தகவல், இவ்வளவு நடந்தும் 2015ல இதைத் தொடர 50 லட்சம் டாலர் கேட்டப்ப கொலராடோ சட்டமன்றம் தரல. அடுத்த வருஷம் 25 லட்சம் குடுத்தாங்க.

கேள்வி (புதுச்சேரி): மாத்திரை சீப்பா கிடைக்கும்போது லூப், இம்ப்ளான்ட் எதுக்கு?

தினமும் ஞாபகம் வெச்சு போடணும், அம்மா கண்ல படாம ஒளிச்சு வைக்கணும், தீர்ந்தா திரும்ப வாங்கப் போகணும். செயின்ட் லூயிஸ்லயே மாத்திரை, தோல்ல ஒட்டற பேட்ச், பிறப்புறுப்புக்குள்ள வைக்கற ரிங் எடுத்தவங்கள்ல வருஷத்துக்கு நூத்துக்கு 4.55 பேருக்கு தவறிச்சு, லூப் இம்ப்ளான்ட்ல 0.27. 21 வயசுக்கு கீழ இருந்தவங்களுக்கு மாத்திரை தவறினது பெரியவங்களை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஆனா பால்வினை நோயை ஆணுறை மட்டும்தான் தடுக்கும், அதையும் சேர்த்தே சொல்லணும்.

கேள்வி (லண்டன்லேர்ந்து ஒரு அக்கா): இங்க என்எச்எஸ்ல, அதாவது அரசாங்க மருத்துவ சேவைல, எல்லாமே ஃப்ரீதானே, அப்புறம் ஏன் பிரிட்டன்ல டீன் ஏஜ் கர்ப்பம் இவ்வளவு இருந்துச்சு?

அக்கா, நான் சொல்ல வர்றதே இதுதான். அங்க 1974லேர்ந்து கருத்தடை இலவசம், கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்க எல்லாருக்கும். அப்படியிருந்தும் 1998ல இங்கிலாந்துல 15லேர்ந்து 17 வயசுப் பொண்ணுங்கள்ல ஆயிரத்துக்கு 47 பேர் கர்ப்பம் ஆனாங்க. காசு ஒரு கதவுதான், அதுக்குப் பின்னாடி இன்னும் நாலு கதவு இருக்கு. கிளினிக் ஸ்கூல் நேரத்துல மட்டும் திறந்திருக்கும், ரிசப்ஷன்ல அம்மாவோட ஃப்ரெண்ட் உக்காந்திருப்பாங்க, நர்ஸ் ஒரு மாதிரி பார்ப்பாங்க, எங்க போகணும்னே பொண்ணுக்குத் தெரியாது.

1999ல அரசாங்கம் பத்து வருஷத் திட்டம் போட்டு ஸ்கூல்ல பாலியல் கல்வி, இளைஞர்களுக்குன்னு தனி கிளினிக், ஒவ்வொரு ஏரியாவுக்கும் பொறுப்பா ஒரு ஆள், ஏற்கனவே அம்மாவான பொண்ணுங்களைத் திரும்ப படிக்க அனுப்பறதுன்னு எல்லாத்தையும் சேர்த்துப் பண்ணினாங்க. 2016ல 19க்குள்ள வந்துடுச்சு, 60 சதவீதம் குறைவு. உடனே குறையல, முதல் சில வருஷம் மெதுவாத்தான் போச்சு, விடாம பண்ணினதாலதான் வந்துச்சு.

கேள்வி (ஒரு அம்மா, ஊர் போட வேணாம்னாங்க): 16 வயசுப் பொண்ணுக்கு எனக்குத் தெரியாம குடுக்கறது எந்த விதத்துல நியாயம்?

உங்க கோபம் எனக்குப் புரியுதும்மா. இங்கிலாந்துலயும் ஒரு அம்மா இதே கேள்வியோட கோர்ட்டுக்குப் போனாங்க, விக்டோரியா கில்லிக். 1985ல, அப்போ அங்க உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை, விஷயத்தைப் புரிஞ்சுக்கற பக்குவம் இருந்தா 16 வயசுக்கு கீழ இருந்தாலும் டாக்டர் குடுக்கலாம்னு தீர்ப்பு சொன்னாங்க. டெக்ஸாஸ்ல நேர்மாறு, மத்திய அரசு பணத்துல நடக்கற கிளினிக்லயும் பெற்றோர் சம்மதம் வேணும்னு 2022ல ஒரு கோர்ட் சொல்லி, 2024ல அப்பீல்லயும் நின்னுடுச்சு.

என் எண்ணம் என்னன்னா, அம்மாகிட்ட சொல்ல முடியற பொண்ணு சொல்லிடுவா, அவளுக்கு சட்டமே வேணாம். சொல்லவே முடியாத வீட்டுப் பொண்ணுக்குத்தான், சில சமயம் வீட்டுக்குள்ளயே ஆபத்து இருக்கற பொண்ணுக்குத்தான் அந்த ரகசியம் தேவைப்படுது. வரவங்ககிட்ட வீட்ல பேசிப் பாருமான்னு நல்ல நர்ஸ் யாரா இருந்தாலும் சொல்லத்தான் செய்வாங்க.

கேள்வி (சேலம்): ஏழைப் பொண்ணுங்க குழந்தை பெத்துக்கக் கூடாதுன்னு மறைமுகமா பண்றதா இது?

அப்படி நடந்திருக்கு, அதனால இந்த சந்தேகம் இருக்கறதே நல்லது. 1990 கடைசில நார்ப்ளான்ட்ங்கற இம்ப்ளான்ட் அமெரிக்கால வந்ததும், ஜெயிலுக்குப் பதிலா அதைப் போட்டுக்கோன்னு தீர்ப்பு சொன்ன நீதிபதி இருந்தார். நம்ம நாட்ல எமர்ஜென்சி சமயத்துல கட்டாய ஆபரேஷன் பண்ணினது ஊருக்கே தெரியும். எந்தத் திட்டமா இருந்தாலும் நான் முதல்ல கேக்கறது, போட்டுக்கிட்ட பொண்ணு நாளைக்கே வந்து எடுத்துடுங்கன்னு சொன்னா மறுபேச்சு இல்லாம, காசு வாங்காம எடுப்பீங்களான்னுதான். எடுக்கறதும் இலவசமா இல்லாத இடத்துல போடறது இலவசம்னு பெருமைப்பட ஒண்ணும் இல்ல.

கேள்வி (தர்மபுரி, கிராம செவிலியர்): அப்போ கொலராடோ மாதிரியே இங்கயும் பண்ணலாமா மேடம்?

அப்படியே தூக்கிட்டு வர முடியாது சிஸ்டர், உங்களுக்கு என்னை விட நல்லாத் தெரியும். அங்க பெரும்பாலும் கல்யாணம் ஆகாத பொண்ணு, இங்க பெரும்பாலும் 18 ஆகறதுக்கு முன்னாடி கட்டி வெச்ச பொண்ணு. 2019-21 தேசிய குடும்பநல சர்வேல தமிழ்நாட்ல 20லேர்ந்து 24 வயசுல இருக்கற பொண்ணுங்கள்ல நூத்துக்கு 12.8 பேருக்கு 18க்கு முன்னாடியே கல்யாணம். 15-19 வயசுல தாயானவங்க, கர்ப்பமா இருந்தவங்க சேர்த்து 6.3 சதவீதம், முந்தின சர்வேல 5.0 இருந்துச்சு.

பிஎச்சில, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துல, நிரோத் ஆணுறை, மாலா-என் மாத்திரை, காப்பர் டி லூப், அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாம் இலவசம்தான். ஆனா தாலி கட்டின மூணாம் மாசமே "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா"ன்னு கேக்கற வீட்ல 17 வயசுப் பொண்ணு எந்த தைரியத்துல அதைக் கேப்பா? அவளுக்கு கருத்தடையை விட முன்னாடி அந்தக் கல்யாணம் நிக்கணும், குழந்தைகள் உதவி எண் 1098க்கு யாராவது போன் பண்ணனும். ஏற்கனவே நடந்துடுச்சுன்னா முதல் குழந்தையையாவது தள்ளிப் போடறதுக்கு மாமியாரையும் புருஷனையும் உக்கார வெச்சுப் பேசணும், அதை உங்களை மாதிரி வீடு வீடா போறவங்கதான் பண்ண முடியும், ரிஜிஸ்டருக்கு நடுவுல உங்களுக்கு அதுக்கு நேரம் ஒதுக்கிக் குடுக்கணும்.

18 வயசுக்குக் கீழ உள்ளவங்க விஷயத்தை டாக்டர் போலீஸ்ல சொல்லணும்ங்கற போக்சோ சட்டத்தோட பயத்துல ஆஸ்பத்திரி பக்கமே வராத பொண்ணுங்களும் இருக்காங்க. கருக்கலைப்புக்கு வர்ற 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க பேரை, அவங்களும் அவங்க காப்பாளரும் கேட்டுக்கிட்டா, டாக்டர் புகார்ல வெளிய சொல்ல வேண்டியதில்லன்னு 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் தெளிவாவே சொல்லியிருக்கு.

கேள்வி (20 வயசு, காலேஜ்): எனக்கு கல்யாணம் ஆகலக்கா. ஜிஎச்ல கேட்டா குடுப்பாங்களா? மெடிக்கல் ஷாப்ல ஐ-பில் கேட்டா இல்லன்னுட்டாங்க.

கேக்கலாம்மா, கல்யாணம் ஆகியிருக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. ஐ-பில் மாதிரி அவசர மாத்திரை டாக்டர் சீட்டு இல்லாம விக்கலாம்னுதான் சட்டம், ஆனா தமிழ்நாட்ல பல கடைக்காரங்க ஸ்டாக்கே வைக்கறதில்ல, அதனால ஒரு கடைல இல்லன்னா அலைஞ்சு நேரத்தை விட்டுடாத, நேரா ஜிஎச் மகப்பேறு பிரிவுக்கோ பிஎச்சிக்கோ போ. உறவுக்கு அப்புறம் 72 மணி நேரத்துக்குள்ள, எவ்வளவு சீக்கிரம் போடறியோ அவ்வளவு நல்லது. காப்பர் டி அஞ்சு நாளுக்குள்ள போட்டாலும் வேலை செய்யும், அதுதான் இருக்கறதுலயே பலமானது. கவுண்டர்ல "வீட்டுக்காரர் பேர் என்ன"ன்னு கேட்டா பதில் சொல்லணும்னு அவசியம் இல்ல, "டாக்டரைப் பார்க்கணும்"னு மட்டும் சொல்லு. தேவைப்பட்டா ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போ.