இடித்தவர் கொடுத்த 300 ரிங்கிட்: பயனீட்டாளர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாலை விபத்தில் சேதமான உடைமைக்கு இழப்பீடு பெறுவது பற்றியவை. ஆகவே, மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒத்திவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சுங்கை சிப்புட் பட்டணத்தில் சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்த என் மைவி காரைப் பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. ஓட்டி வந்தவர் மன்னிப்புக் கேட்டு, 300 ரிங்கிட் கொடுத்து, போலீசுக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பட்டறையில் 2,400 ரிங்கிட் ஆகும் என்கிறார்கள். இப்போது அவர் என் அழைப்பை எடுப்பதில்லை. ஐந்து நாள்கள் ஆகிவிட்டன. என் கார் முழுக் காப்புறுதி பெற்றது. (தாதி, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, இந்தப் பதிலுக்குக் காத்திராமல் இன்றே போலீஸ் நிலையத்துக்குப் போங்கள் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்கிறது. தாமதத்துக்காக உங்களுக்கு அபராதம் விதிக்கப்படலாம். ஆனால் புகாரே இல்லாமல் எந்தக் காப்புறுதிக் கோரிக்கையும் நகராது. காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வழக்கமாக ஏழு நாள்கள்தாம் தருவார்கள்; உங்களுக்கு எஞ்சியிருப்பவை இரண்டு.

இரண்டும் தனியார் கார்கள், தவறு அவருடையது என்பதால், நாக் ஃபார் நாக் எனப்படும் முறையில் உங்கள் சொந்த நிறுவனத்திடமே பழுதுச் செலவைக் கோரலாம். அவ்வாறு கோரினால், கோரிக்கை எதுவும் செய்யாமல் ஆண்டுதோறும் சேர்த்து வைத்த, காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் என்சிடி எனப்படும் கழிவு குறையாது. 55 விழுக்காட்டுக் கழிவை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில்தான் பலர் சாலையோரத்திலேயே பேசி முடித்துக்கொள்கிறார்கள். அந்த 300 ரிங்கிட்டை ஒளிக்காமல் புகாரில் சொல்லிவிடுங்கள். 'கணக்குத் தீர்ந்தது' என்ற பொருளில் எந்தத் தாளிலும் நீங்கள் கையெழுத்திடவில்லை என்றால், அந்தத் தொகை உங்கள் உரிமையை அடைத்துவிடாது.

கேள்வி: செம்பனை ஆலைக்கு வேலைக்குப் போகும் வழியில், சந்திப்பிலிருந்து திடீரென வெளிவந்த கார் என் மோட்டார் சைக்கிளில் மோதியது. எனக்குச் சிராய்ப்புதான், மோட்டார் நொறுங்கிவிட்டது, கைப்பேசியும் தலைக்கவசமும் உடைந்தன. எனக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே இருப்பதால் ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். (இளைஞர், லிந்தாங்)

பதில்: தம்பி, அப்படிச் சொன்னவர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் காப்புறுதி உங்கள் மோட்டாரைப் பழுது பார்க்காது என்பது மட்டுமே உண்மை. தவறு செய்த காரின் காப்புறுதி நிறுவனத்திடம் உங்கள் உடைமைச் சேதத்துக்காகக் கோருவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. போலீஸ் புகாரின் நகல், விபத்து நடந்த இடத்தின் வரைபடம், யார் தவறு என்று சொல்லும் விசாரணை முடிவு, சேதத்தின் படங்கள், வாகனப் பதிவட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றுடன் கோரிக்கையை அனுப்புங்கள். அட்ஜஸ்டர் எனப்படும் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை ஓர் ஆணியைக்கூடக் கழற்ற விடாதீர்கள். கைப்பேசிக்கும் தலைக்கவசத்துக்கும் வாங்கிய ரசீது இருந்தால் சேர்த்துக் கேளுங்கள். பழுது பார்க்கத் தேவையான நாள்களில் வாகனம் இல்லாமல் போனதற்கும் ஒரு தொகை உண்டு. கேட்காதவர்களுக்கு அதை யாரும் தேடிவந்து கொடுப்பதில்லை.

அந்தக் காரின் காப்புறுதி காலாவதியாகியிருந்தால் வழி கடினமாகிறது. காப்புறுதி இல்லாத வாகனங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்காக உள்ள மோட்டார் காப்புறுதியாளர் வாரியம் உயிரிழப்பையும் உடற்காயத்தையும் மட்டுமே கவனிக்கும், உடைமையை அன்று. அப்போது ஓட்டுநர் மீதே வழக்குத் தொடர வேண்டும். இழப்பு 5,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் வழக்கறிஞர் இல்லாமலேயே நீங்கள் தொடரலாம்.

முழுக் காப்புறுதிக்கு ஆகும் சில நூறு ரிங்கிட்டை மிச்சப்படுத்த நினைத்து, நானும் என் பழைய சாகா காருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தேன். மழை இரவொன்றில், எதிரே விளக்கை உயர்த்திக்கொண்டு வந்த வண்டிக்கு ஒதுங்கி, தோட்டத்துக் கால்வாயில் இறங்கினேன். அந்த வண்டி நிற்கவில்லை. இரவுச் சந்தையில் மலிவாக வாங்கிப் பொருத்தியிருந்த படக்கருவி, அன்றைய இரவில் எதையும் பதிவு செய்திருக்கவில்லை. கோருவதற்கு எதிராளியே இல்லாததால், முழுச் செலவும் என் சேமிப்பிலிருந்துதான் போனது.

கேள்வி: முன்னால் போன லோரியிலிருந்து விழுந்த செம்பனைக் குலை என் காரின் முன்கண்ணாடியை உடைத்தது. லோரியின் எண் தெரியாது. (சாலாக்)

பதில்: முன்கண்ணாடிக்கான கூடுதல் பாதுகாப்பை வாங்கியிருந்தால் என்சிடி குறையாமல் கோரலாம், வாங்கவில்லை என்றால் செலவு உங்களுடையது.

கேள்வி: விபத்து நடந்த பத்து நிமிடத்தில் இழுவை லோரி ஒன்று வந்தது. நாங்கள் அழைக்கவில்லை. 'எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ஒரு சென்கூடக் கொடுக்க வேண்டாம்' என்று சொல்லி, நான்கு தாள்களில் என் கணவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். தாள்களில் எதுவும் நிரப்பப்பட்டிருக்கவில்லை. இரண்டு மாதமாகக் கார் அவர்களுடைய பட்டறையில் கிடக்கிறது. இப்போது காரைக் கேட்டால், நிறுத்தி வைத்த நாள்களுக்குக் கட்டணம் கேட்கிறார்கள். (இல்லத்தரசி, கோலகங்சார் சாலை)

பதில்: சகோதரி, உங்கள் கணவர் மீது எனக்குக் கோபம் இல்லை. விபத்தின் அதிர்ச்சியில் இருப்பவரின் கையில் பேனாவைத் திணிப்பவர்கள் மீதுதான் கோபம். பல ஆண்டுகளாக நான் இதைப் பார்த்து வருகிறேன். தோட்டத்தில் வளர்ந்த நம் மக்கள், கிராணி எனப்படும் தோட்ட எழுத்தர் நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கிய காலத்திலிருந்தே, தாளை நீட்டுபவர் படித்தவர், ஆகவே நேர்மையானவர் என்று நம்பப் பழகிவிட்டார்கள். அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் பணமாக்குகிறார்கள். அந்த நான்கு தாள்களில் ஒன்று காரைப் பழுது பார்க்க அனுமதியாகவும், ஒன்று உங்கள் சார்பில் இழப்பீட்டைக் கோரவும் பெறவும் அதிகாரமாகவும், ஒன்று உங்களுக்கு முகமே தெரியாத வழக்கறிஞரை நியமிக்கும் கடிதமாகவும் மாறியிருக்கக்கூடும். காசோலை வரும்போது அது யார் பெயரில் வரும் என்பதை உங்கள் கணவரின் கையெழுத்து முன்பே தீர்மானித்திருக்கும். ஈப்போவில் பழைய கார் வாங்கியபோது, வெறுமையான தவணைப் படிவத்தில் நானும் ஒருமுறை கையெழுத்திட்டேன். பேசிய விலைக்கும் எழுதப்பட்ட கடனுக்கும் இருந்த வேறுபாட்டைக் கட்டி முடிக்க எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. அந்த வலி எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கொடுத்த எல்லா அதிகாரத்தையும் திரும்பப் பெறுவதாகவும், கையெழுத்திட்டபோது தாள்கள் வெறுமையாக இருந்தன என்றும், அவற்றின் நகல்களும் விவரமான கட்டணப் பட்டியலும் வேண்டும் என்றும் உங்கள் கணவர் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் பட்டறைக்கு அனுப்பட்டும். அதே கடிதத்தின் நகல் உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கும் எதிராளியின் நிறுவனத்துக்கும் போகட்டும். வெறுந்தாளில் கையெழுத்து வாங்கியது குறித்துத் தனியாக ஒரு போலீஸ் புகார் செய்யுங்கள். பட்டறை வழிக்கு வரவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், கோரும் தொகை 50,000 ரிங்கிட் வரை இருக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. இடித்தவர் மீது அங்கே வழக்குப் போட முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சேவை அளித்த பட்டறை மீது போடலாம்.

கேள்வி: நண்பரிடம் பழைய கார் வாங்கினேன். பெயரும் மாற்றவில்லை, காப்புறுதியும் எடுக்கவில்லை. அவருடைய காப்புறுதியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உரிமம் இல்லாத என் மகன் ஓட்டிப்போய் இன்னொரு காருடன் மோதிவிட்டான். இரண்டு கார்களுக்கும் காப்புறுதி பணம் தருமா?

பதில்: தராது. காப்புறுதி என்பது காரோடு சேர்ந்து கைமாறும் பொருள் அன்று. அது உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம். உரிமம் இல்லாதவர் ஓட்டினால் அந்த ஒப்பந்தமே கைவிட்டுவிடும். வாங்கிய அன்றே அரை நாள் செலவிட்டுச் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டதோடு, சாவியையும் மகன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறீர்கள். தவறு எதிராளியுடையது என்று போலீஸ் விசாரணை முடிவு சொன்னால் மட்டுமே அவருடைய நிறுவனத்திடம் கோர முடியும். அப்போதும் பதிவில் உள்ள உரிமையாளர் உங்கள் நண்பர் என்பதால், அவருடைய ஒத்துழைப்பு வேண்டும். தவறு உங்கள் மகனுடையது என்றால், அந்தக் காரின் பழுதுச் செலவை நீங்கள்தாம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மதில்மேல் ஒரு கார் மோதி, இருபது அடிச் சுவர் சரிந்தது. ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஓட்டுநர் கட்டித் தருவதாகச் சொல்லிச் சொல்லி நாள் கடத்துகிறார். இனிக் கேட்க முடியுமா? (கோயில் செயலாளர்)

பதில்: முடியும். உடைமைச் சேதத்துக்கான வழக்குக்குத் தீபகற்ப மலேசியாவில் ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. நகராண்மைக் கழகம் போன்ற பொது அமைப்பின் வாகனமாக இருந்தால் மட்டும் அது 36 மாதமாகக் குறையும். வழக்குக்கு முன்பே வேறு வழியும் இருக்கிறது: காரின் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, பிறருடைய வாகனத்தை மட்டுமன்றி, சுவர், வேலி, கடை என எல்லா உடைமையையும் உள்ளடக்கும். ஆகவே ஓட்டுநரின் வாக்குறுதிக்காகக் காத்திராமல் அவருடைய காப்புறுதி நிறுவனத்துக்கே எழுதுங்கள். கோயில் சங்கமாகப் பதிவு பெற்றிருந்தால் அதன் பெயரிலும், நிலமும் கட்டடமும் தோட்ட நிர்வாகத்துக்கு உரியவை என்றால் நிர்வாகத்தின் மூலமாகவும் கோர வேண்டும் என்பதால், அதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நிறுவனம் மறுத்தால் அல்லது மிகக் குறைவாகக் கொடுக்க முன்வந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் அவர்களுடைய புகார்ப் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவை எழுத்தில் பெறுங்கள். அதன் பிறகு, நிதி நிறுவனங்கள் மீதான பயனீட்டாளர் புகார்களைத் தீர்த்துவைக்க 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவையிடம், அதன் வரம்புக்குள் உங்கள் கோரிக்கை வருமா என்று கேட்கலாம். இறுதி முடிவுக் கடிதம் வந்த தேதியைக் குறித்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தாமதிக்காதீர்கள்.

திருவிழா நெருங்குகிறது என்று அவசரமாகச் சுவரைக் கட்டிவிட வேண்டாம். இரண்டு குத்தகையாளர்களிடம் எழுத்தில் விலை வாங்கி, சரிந்த பகுதியை அளவு நாடாவோடு சேர்த்துப் படமெடுத்து, நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்த பிறகே செங்கற்களை அகற்றுங்கள்.