அப்பாவின் பத்மினிக்கு வேறு எஞ்சின் போடலாமா?

கேள்வி: 1986-இல் அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. ஆர்சி இன்னும் அவர் பெயரில்தான். 2021-இல் காலாவதியானதைப் புதுப்பிக்கவும் இல்லை. லீவு நாட்களில் நானே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு மாருதி எஸ்டீம் எஞ்சினும் தரையில் வரும் ஃப்ளோர் கியரும் வைத்துவிடலாம், ஆர்டிஓ ஆபீஸில் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் தெரிந்த மெக்கானிக். சத்தம் தாங்கவில்லை, போலீசுக்குப் போவேன் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்வது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: மெக்கானிக் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான் பலர் வக்கீலான என் அலுவலகத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, ஆர்சியில் உள்ள விவரங்கள், தயாரித்த கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. உங்கள் பத்மினி 1089 சிசி. எஸ்டீம் எஞ்சின் 1298 சிசி. கம்பெனியும் வேறு, எஞ்சின் நம்பரும் வேறு. இதை ஆர்டிஓ எப்படிப் பதிவு செய்வார்? அனுமதி இல்லாமல் செய்தால் பிரிவு 182ஏ-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். விபத்து என்று வந்தால்தான் வினை. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் எஞ்சின் மாற்றிய வண்டி என்று தெரிந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மைத் தள்ளிவிட முயல்வார்கள். அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்தாலும், அதை உங்களிடம் திரும்ப வசூலிக்க உத்தரவு கேட்கும்.

அதே எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து, பிஸ்டன், வால்வு மாற்றி, கிராங்க்கை லேத்தில் கொடுத்துச் சரி செய்வதற்கு யார் அனுமதியும் வேண்டாம். பிளாக் என்கிற எஞ்சின் உடம்பு அதேதான், நம்பரும் அதேதான். அது பழுது பார்ப்பது, மாற்றம் அல்ல. பிளாக்கே விரிசல் விட்டுவிட்டது என்றால் இன்னொரு பத்மினி எஞ்சின் தேடுங்கள். வைப்பதற்கு முன்பே ஆர்டிஓவிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, வைத்தபின் புது நம்பரை ஆர்சியில் ஏற்றிவிடுங்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளிலோ வேறெங்கோ வாங்கினால், விற்றவர் பெயரும் அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற விவரமும் பில்லில் இருக்கட்டும். பில் இல்லாத எஞ்சின் நாளைக்குத் திருட்டு வண்டியினுடையது என்று தெரியவந்தால், பழைய இபிகோவுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 317-இல் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2021-இல் வந்த விண்டேஜ் விதிகள், முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய கார்களுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு தருகின்றன. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. உங்கள் கார் 2036-இல் அந்த வயதை எட்டும். விஏ வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது, ராலி, கண்காட்சி மாதிரியானவற்றுக்குத்தான். ஆனாலும் இன்று எஸ்டீம் எஞ்சினைப் போட்டால் அந்த வழியை நீங்களே அடைத்தவர் ஆவீர்கள்.

சரி, காகிதத்துக்கு வருவோம். இதுதான் உங்கள் அவசர வேலை. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கேட்டிருக்க வேண்டும். தாமதத்துக்கு அபராதம் கேட்பார்கள், உரிமை போய்விடாது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். அம்மாவும் உடன்பிறந்தவர்களும் இருந்தால் அவர்களும் வாரிசுகள்தான், எழுத்தில் சம்மதம் வேண்டும். "எல்லாம் நம்ம வீட்டுக்குள்ளதானே" என்று விட்டுவிட்டு, வண்டி பளபளப்பான பிறகு பங்கு கேட்ட தம்பியை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் கட்டணம் 10,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. தாமதத்துக்கு மாதம் 500, அதாவது வருடத்துக்கு 6,000. பசுமை வரியும், பழைய வரி பாக்கி இருந்தால் அதுவும் சேரும். அதனால் 'முழுசா முடிச்சுட்டுப் போகலாம்' என்று இழுக்காதீர்கள். வண்டி ஓடி, பிரேக், விளக்கு, ஹாரன், கைப்பிரேக் சரியாக இருந்தால் பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்தலாம். சீட் தையலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் காலாவதியான ஆர்சியோடு தெருவில் ட்ரையல் ஓட்டாதீர்கள். முதல் தடவை 5,000 வரை அபராதம், இன்சூரன்ஸும் இல்லையென்றால் அது தனியாக 2,000. ஆய்வுக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். டெல்லியில் 15 வருட பெட்ரோல் கார்களுக்கு இருக்கும் சிக்கலைச் சொல்லி யாராவது பயமுறுத்துவார்கள். அது தலைநகர்ப் பகுதி விவகாரம், திண்டுக்கல்லுக்குப் பொருந்தாது.

துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டும்போது டிங்கர் கையில் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: சேசிஸ் நம்பர். கிரைண்டர் பட்டாலும், பட்டி பூசி மறைத்தாலும், ஆய்வில் வண்டி நின்றுவிடும். வேலை தொடங்கும் முன்பே நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து, போட்டோவும் எடுத்து வையுங்கள். நிறம் மாற்றினால் அதையும் ஆர்சியில் ஏற்ற வேண்டும். பழைய நிறத்தையே அடித்துவிட்டால் இந்த வேலையே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயம். சொந்த வண்டியைச் சொந்த ஷெட்டில் பழுது பார்ப்பது குற்றமில்லை. ஆனால் நண்பர்களின் வண்டிகளையும் காசுக்கு எடுத்தால் அது தொழில், மாநகராட்சி உரிமம் கேட்கும். ராத்திரி கிரைண்டரும் திறந்தவெளி ஸ்ப்ரே பெயின்ட்டும் அக்கம்பக்கத்துக்கே தொல்லை என்று புகாரானால், பொதுத் தொல்லை என்று கோட்டாட்சியர் நிறுத்தச் சொல்ல முடியும். பெயின்ட்டை வெளியே ஒரு பூத்தில் அடித்துக்கொள்ளுங்கள், கழிவு ஆயிலைச் சாக்கடையில் விடாதீர்கள், கிரைண்டரைப் பகலோடு நிறுத்துங்கள். ஒருநாள் அவரைக் கூப்பிட்டு வண்டியைக் காட்டிப் பாருங்கள். அந்தக் காலத்தில் அவரும், பத்மினியின் பழைய பெயரான ஃபியட்டில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் போட்டுப் பழகியவராக இருக்கலாம்.