டெஸ்ட் பேட்ஸ்மேனை எடைபோடுவது எப்படி? கேள்வி பதில்

பல வருடங்களாக லீக் மேட்ச்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவன் நான். ரன் வராத பந்துக்கு ஸ்கோர் புத்தகத்தில் ஒரு புள்ளி வைப்போம். தடுத்த பந்தும் ஒரு புள்ளி, விட்ட பந்தும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளுக்குள் இருக்கும் வித்தியாசம்தான் எனக்குப் பிடித்த விஷயம். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, ஒரே ஒரு எண்ணைப் பார்த்து ஒரு பேட்ஸ்மேனை மதிப்பிடச் சொன்னால் எதைப் பார்ப்பீர்கள்?

சராசரிதான், அதாவது மொத்த ரன்னை அவுட்டான தடவைகளால் வகுத்தால் வருவது. ஆனால் அதே ஆட்டத்தில் மற்றவர்கள் என்ன எடுத்தார்கள் என்பதைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பேன். 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸின் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸில் குண்டப்பா விஸ்வநாத் 97 நாட் அவுட். சதம் கூட இல்லை. இந்தியா மொத்தமே 190. பாதிக்கு மேல் ஒருவர் மட்டையிலிருந்து வந்த ரன். 1987ல் பெங்களூரில் பந்து கன்னாபின்னாவென்று திரும்பிய பிட்சில், தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் கவாஸ்கர் எடுத்த 96ம் அப்படித்தான். இந்தியா 204க்கு ஆட்டமிழந்தது. வேறு யாரும் 30ஐத் தொடவில்லை. பாகிஸ்தானிடம் 16 ரன்னில் தோற்றோம். இரண்டுமே சதக் கணக்கில் ஏறாது. இரண்டு பக்கமும் 500 அடித்த ஆட்டத்தில் வந்த 150ஐ விட இவை எனக்குப் பெரியவை.

கேள்வி: ஆஸ்திரேலியாவின் ஆடம் வோஜஸ் சராசரி 61.87. அப்படியானால் பிராட்மேனுக்கு அடுத்து அவர்தானே?

இல்லை. இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 20 டெஸ்ட், 1485 ரன். அதில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக மட்டும் 130 நாட் அவுட், 37, 269 நாட் அவுட், 106 நாட் அவுட். 542 ரன்னுக்கு ஒரே ஒரு தடவை அவுட். அதை எடுத்து வைத்துவிட்டால் மீதி 943 ரன், 23 அவுட், சராசரி 41. நல்ல பேட்ஸ்மேன்தான், அறிமுக டெஸ்டிலேயே 35 வயதில் சதம் அடித்தவர். ஆனால் 41 என்பதுதான் அவரைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது. யாருடைய சராசரியைப் பார்த்தாலும் ஒரே எதிரணியிடம் எவ்வளவு வந்தது என்று முதலில் கழித்துப் பாருங்கள்.

கேள்வி: சச்சினா, லாராவா?

இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு இன்னிங்ஸைச் சொல்கிறேன். 2004 ஜனவரி, சிட்னி. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அந்தத் தொடரில் அதுவரை சச்சினின் ஸ்கோர் 0, 1, 37, 0, 44. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்தை டிரைவ் செய்யப் போய் மாட்டிக்கொண்டிருந்தார். சிட்னியில் கவர் டிரைவையே மூட்டை கட்டி வைத்துவிட்டார். டிரைவுக்கு வாகாக வெளியே விழுந்த பந்துகளை, வேறு நாளாக இருந்தால் பவுண்டரிக்குப் பறந்திருக்கும் பந்துகளை, மட்டையைத் தூக்கி விட்டுக்கொண்டே இருந்தார். பவுலர்கள் பொறுமை இழந்து காலுக்கு நேரே போட்டதும் லெக் பக்கம் தட்டினார். 436 பந்து, 241 நாட் அவுட். தனக்குப் பிடித்த ஷாட்டை நாள் கணக்கில் ஆடாமல் இருக்க முடிகிறவர் எப்படிப்பட்ட பேட்ஸ்மேன் என்று யோசித்துப் பாருங்கள். யூடியூபில் ஐந்து நிமிடத் தொகுப்பைப் பார்த்தால் இது தெரியாது. தொகுப்பில் விட்ட பந்து வராது.

கேள்வி: விராட் கோலி 2014ல் இங்கிலாந்தில் படுதோல்வி. 2018ல் அதே இடத்தில் கலக்கினார். எதை வைத்து மதிப்பிடுவது?

இரண்டையும் வைத்து. 2014ல் 10 இன்னிங்ஸில் 134 ரன். இங்கிலாந்து பவுலர் ஆண்டர்சனின் வெளியே போகும் பந்துக்கு மட்டை முன்னால் போய், உடம்பு பின்னாலேயே நின்றது. 2018ல் கிரீஸ் கோட்டுக்கு வெளியே, பவுலர் பக்கமாகத் தள்ளி நின்றார், பந்தைத் தாமதமாக, கண்ணுக்குக் கீழே வரவிட்டு ஆடினார். 593 ரன். தொடர் முழுக்க ஆண்டர்சனால் அவரை அவுட் ஆக்க முடியவில்லை. அப்போதும் மட்டையைத் தாண்டிப் போன பந்துகள் உண்டு, அதிர்ஷ்டமும் இருந்தது. ஆனால் குறை ஊருக்கே தெரிந்த பிறகு அதே பவுலரிடம் திரும்பப் போய் நிற்பது லேசான காரியம் இல்லை.

கேள்வி: நாட் அவுட் ஆட்டங்கள் சராசரியை ஊதிப் பெரிதாக்குகின்றன. ரன்னை இன்னிங்ஸ் எண்ணிக்கையால் வகுப்பதுதானே நியாயம்?

நியாயம் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் வாவை எடுத்துக்கொள்ளுங்கள். 260 இன்னிங்ஸ், 46 நாட் அவுட், 10927 ரன். சராசரி 51.06. உங்கள் கணக்கில் 42 ஆகிவிடும். அந்த 46 தடவையும் அவரை யாரும் வீழ்த்தவில்லை. கூட்டாளி அவுட்டானார், கேப்டன் டிக்ளேர் செய்தார், அல்லது ஆட்டம் முடிந்தது. அதற்கு அவரை ஏன் தண்டிக்க வேண்டும்? இன்னொன்று. எந்த பேட்ஸ்மேனுக்கும் ஆபத்து அதிகம் முதல் இருபது பந்தில்தான். 40ல் கால் ஊன்றி நிற்கிறவரை நிறுத்திவிட்டு, அடுத்த முறை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கச் சொல்கிறோம். அவர் அந்த இருபது பந்தை இன்னொரு தடவை கடக்க வேண்டும்.

(அதே நபர்): ஆனால் ஐந்தாம் இடத்தில் வருகிறவர் தேய்ந்த பந்தையும் களைத்த பவுலரையும்தானே சந்திக்கிறார்?

இது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது பேட்டிங் வரிசையைப் பற்றிய வாதம், நாட் அவுட்டைப் பற்றியது இல்லை. தொடக்க ஆட்டக்காரரின் 45ஐயும் ஐந்தாம் இடத்தவரின் 45ஐயும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 80 ஓவர் ஆனதும் வரும் இரண்டாவது புதுப் பந்து பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் இடத்தவர் தலையில்தான் விழும் என்பதையும் மறக்காதீர்கள்.

(வேறொருவர்): முதல் பந்தில் சிங்கிள் எடுத்துவிட்டு பதினோராம் ஆளை முன்னால் தள்ளி நாட் அவுட் வாங்குகிறார்களே, அது?

அது குற்றம்தான். அதைக் கண்டுபிடிக்க சராசரி உதவாது, பந்துக் கணக்கு உதவும். 2019ல் ஹெடிங்லி மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்தின் பென் ஸ்டோக்ஸும் ஜாக் லீச்சும் கடைசி விக்கெட்டுக்கு 76 ரன் சேர்த்து 359ஐ எட்டினார்கள். லீச் சந்தித்தது 17 பந்து, எடுத்தது 1 ரன். மீதிச் சுமை முழுக்க ஸ்டோக்ஸ் தோளில். முதல் இன்னிங்ஸில் 67க்குச் சுருண்ட அணி அது! கடைசி ஆட்டக்காரரோடு நிற்கிறவர் ஓவரின் ஐந்தாவது, ஆறாவது பந்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

நாட் அவுட் பற்றி இன்னும் ஐந்தாறு பேர் கேட்டிருக்கிறீர்கள். மேலே சொன்னதுதான் பதில். இத்தோடு அதை விட்டுவிடுவோம்.

கேள்வி: சச்சின் பெரியவரா, டிராவிட் பெரியவரா?

மூன்றாம் கேள்விக்குக் கீழே இருப்பதைப் பாருங்கள். டிராவிட் டெஸ்டில் சந்தித்த பந்துகள் 31258. உலகில் யாரும் அவ்வளவு சந்தித்ததில்லை. ரசிகராக இருந்தால் அதில் ஒரு முழு செஷனையாவது உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: லாராவா, பான்டிங்கா?

தம்பி, மேலே படியுங்கள்.

கேள்வி: புஜாரா மெதுவாக ஆடுவதால் அணிக்கு நஷ்டம்தானே?

2021 பிரிஸ்பேன் கடைசி நாளில் உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்தில் 56. ஆஸ்திரேலியாவின் கம்மின்ஸும் ஹேசல்வுட்டும் ஓவர் ஓவராக வீசித் தீர்த்த பிறகு பந்த் 89 நாட் அவுட். 328ஐத் துரத்தி வென்றோம். அந்த 211 பந்தை யாராவது ஆடியே ஆக வேண்டியிருந்தது. இதையும் தொகுப்பில் தேடாதீர்கள்.

கேள்வி: டி20யில் ஒருவரை எப்படி எடைபோடுவது?

என் துறை இல்லை. அதற்கு வேறு ஆள் வேண்டும்.

கேள்வி: இலங்கையின் சங்ககாராவின் 57.40 சராசரி கொஞ்சம் மிகை இல்லையா?

குறை என்றுதான் நான் சொல்வேன். கீப்பராகவும் ஆடிய 48 டெஸ்டில் சராசரி 40 சொச்சம். கையுறையைக் கழற்றி வைத்த பிறகு ஆடிய ஆட்டங்களில் 66க்கு மேல். நாள் முழுக்கக் குனிந்து எழுந்த கால்களோடு அப்படியே பேட் கட்டிக்கொண்டு வருவது சாதாரண வேலையா?

கேள்வி: மைதானத்தில் பக்கவாட்டு ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறேன். பந்தின் கோடு தெரியவில்லை. எதைக் கவனிப்பது?

நல்ல கேள்வி. கோடு, அதாவது பந்து ஸ்டம்புக்கு நேரே வருகிறதா வெளியே போகிறதா என்பது, தெரியாது. நீளம், அதாவது பேட்ஸ்மேனுக்கு எவ்வளவு முன்னால் விழுகிறது என்பது, பிரமாதமாகத் தெரியும். பந்து விழுந்ததும் பேட்ஸ்மேனின் முன்கால் எவ்வளவு போகிறது, பின்கால் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். நல்லவர்கள் ஒன்று முழுதாக முன்னால் போவார்கள், இல்லை முழுதாகப் பின்னால் போவார்கள். தடுமாறுகிறவர் கிரீஸிலேயே பாதியில் நின்றுவிடுவார். அப்புறம் மட்டை பந்தைத் தொடும் இடம். முட்டிக்குப் பக்கத்தில், தலைக்கு நேர் கீழே என்றால் சரி. ஒரு கை தூரம் முன்னால் என்றால் அன்றைக்கு ஸ்லிப்பில் நிற்பவர்களுக்கு வேலை இருக்கிறது. முதல் முப்பது பந்து இதை மட்டும் பாருங்கள், ஸ்கோர் போர்டு பக்கம் திரும்ப வேண்டாம்.