வண்டி பழசு, தவணை மட்டும் புதுசு

கேள்வி: மூன்று வருடங்களுக்கு முன் ஆறு மாதச் சம்பளத்தைப் போட்டு, பயன்படுத்திய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினேன். அதற்கு இப்போது 12 வயது. கடந்த ஒன்றரை வருடத்தில் வாட்டர் பம்ப், ஆயில் கசிவு, முன்பக்க சஸ்பென்ஷன் என்று மூன்று பெரிய பில்கள். மூன்றையும் கிரெடிட் கார்டு தவணையாக மாற்றிவிட்டேன். இப்போது கியர் மாறும்போது வண்டி உதறுகிறது; சரிசெய்ய ஒன்றரை மாதச் சம்பளம் ஆகுமாம். பர்சனல் லோன் எடுக்கலாமா? இவ்வளவு செலவு செய்த வண்டியை விற்கவும் மனசு வரவில்லை.

பதில்: லோன் வேண்டாம். நீங்கள் அனுப்பிய கணக்கைப் பார்த்ததும் கவலையாகத்தான் இருந்தது.

உங்கள் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். கார்டு தவணைக்கு 19, பெட்ரோலுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் 9 போகிறது. புது லோன் 150-ஐ இரண்டு வருடத்தில் அடைத்தால் வட்டியோடு மாதம் ஏழரை. ஆக, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு வண்டிக்கே.

கார்டு பாக்கி 160. இன்று இருக்கிற நிலையில் விற்றால் 200 கிடைக்கும், சரிசெய்து விற்றால் 260 என்கிறீர்கள். அதாவது 150 செலவழித்து 60 சம்பாதிக்கப் போகிறீர்கள். அப்புறம் 260 மதிப்புள்ள வண்டியின் மேல் 310 கடன் நிற்கும். ஏற்கெனவே செலவழித்தது வண்டியை வைத்திருந்தாலும் திரும்பாது, விற்றாலும் திரும்பாது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பில் வந்தவுடன் தவணையாக மாற்றுகிற பழக்கம்தான் உங்களை இங்கே கொண்டுவந்திருக்கிறது. தொகை சின்னதாகத் தெரிவதால், 'இதைச் செய்யத்தான் வேண்டுமா' என்று ஒருமுறைகூட நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் இவை திடீர்ச் செலவுகளே அல்ல. என்ஜின் சூட்டில் பிளாஸ்டிக் பாகங்கள் விரிசல் விடும், பாகங்கள் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் இறுகிக் கசியும், சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் கிழியும். 12 வயது ஐரோப்பிய காரில் இவை எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. மூன்று பில்லும் சேர்த்து 200. பதினெட்டு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 11. முன்கூட்டியே எடுத்துவைத்திருந்தால் வட்டியே இல்லை.

'பழைய காருக்கும் வாரண்டி' என்று யாராவது விற்க வந்தால் அவசரப்படாதீர்கள். தேய்மானமும் ஏற்கெனவே உள்ள கோளாறும் பெரும்பாலும் அதில் சேராது. உங்களுக்கு வரும் பில்கள் எல்லாம் அந்த வகைதான்.

விற்பதற்கு முன் ஒன்று. கியர்பாக்ஸ் ஆயிலை எப்போதாவது மாற்றினீர்களா? 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று பல கார் கம்பெனிகள் சொன்னாலும், கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனம் தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. கியர்பாக்ஸ் வேலை மட்டும் செய்கிற வேறொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் சரியாகும் என்று அவர் சொன்னால், கையில் உள்ள காசில் செய்துகொண்டு, மாதம் 11 தனியாக ஒதுக்கத் தொடங்குங்கள். கியர்பாக்ஸைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அப்படியே விற்று முதலில் கார்டு பாக்கியை அடையுங்கள். வாங்குபவரிடம் குறையை மறைக்க வேண்டாம். 200 என்பது குறையோடு சேர்த்த விலைதான்.