விமானத்தின் சரிவும் கேமராவின் சாய்வும்

அன்புள்ள ஐயா,

தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். தெற்குப் பிராகாரத்தில் நின்று, கேமராவை மேல்நோக்கிச் சாய்த்து, 24 மி.மீ. லென்ஸில் விமானத்தை எடுத்தேன். படத்தில் அது பின்னால் சாய்வதுபோல் இருந்தது. லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில், கோடு போட்டு நிமிர்த்தும் ‘கைடட்’ வசதியைத் திறந்து, விமானத்தின் இரண்டு ஓரங்களிலும் அடியிலிருந்து உச்சிவரை கோடு இழுத்தேன். சாய்வு போய்விட்டது, ஆனால் விமானம் பெட்டிபோல் ஆகிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு “இது எந்தக் கோயில்?” என்றார். எங்கே தவறினேன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அம்மாவின் கண் சரியாகப் பிடித்துவிட்டது. கேமராவின் சாய்வோடு ராஜராஜன் கட்டிய சரிவையும் சேர்த்து நிமிர்த்திவிட்டீர்கள். 13 தளங்களாக உள்ளே ஒடுங்கிக்கொண்டே போகும் விமானம் அது. 1010-இல் கட்டி முடித்தபோதும் அதன் ஓரம் செங்குத்தாக இல்லை. அந்த ஓரத்தில் கோடு போட்டு ‘இது நேர்’ என்று நீங்கள் சொன்னால் மென்பொருள் நம்பத்தான் செய்யும்.

கோட்டை எங்கே போடுவது? தூக்குக்குண்டு விட்டால் நூலோடு ஒட்டி நிற்கக்கூடிய இடத்தில். பெரிய கோயிலில் அது கீழே இருக்கிறது. விமானத்தின் சரிவு தொடங்குவதற்கு முன் இரண்டு அடுக்காக ஒரு சுவர் நேரே எழும்புகிறதல்லவா? அதில் கோஷ்டங்களுக்கு, அதாவது சிலை வைக்கும் மாடங்களுக்கு, இருபுறமும் அரைத்தூண்கள் இருக்கும். படத்தை நன்றாகப் பெரிதாக்கி, சுவரின் இடது கோடியில் ஓர் அரைத்தூணின் விளிம்பையும் வலது கோடியில் இன்னொன்றையும் பிடியுங்கள். தூண் படத்தில் சின்னதாகத்தான் தெரியும், அதனால் கை ஒரு மயிரிழை பிசகினாலும் உச்சியில் பெரிதாகக் காட்டும். பொறுமையாகச் செய்யுங்கள். அதற்கு முன், லென்ஸால் வரும் வளைவைத் திருத்தும் லென்ஸ் புரொஃபைலை ஆன் செய்துவிடுங்கள். வளைந்த கோட்டை வைத்து எதையும் நிமிர்த்த முடியாது. கிம்ப், டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள்கள் இரண்டிலும் இதே வேலையைச் செய்யலாம்.

அப்புறம், முழுக்க நிமிர்த்தாதீர்கள். மேல்பகுதி இழுபடும்போது உச்சியிலுள்ள உருண்ட சிகரம் முட்டைபோல் நீளும், கல்லின் கூர்மையும் மங்கும். ‘வெர்டிகல்’ ஸ்லைடரைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நகர்த்தி லேசான சாய்வை விட்டுவையுங்கள். அண்ணாந்து பார்க்கிற கண்ணுக்கு அதுதான் இயல்பு.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வழி, கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமலே எடுப்பது. விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. ஃபுல் ஃப்ரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவில் உங்கள் 24 மி.மீ. லென்ஸை நெட்டுவாக்கில் பிடித்தால், விமானத்தின் நடுவிலிருந்து ஏறக்குறைய 280 அடி தள்ளி நின்றாலே கேமரா மட்டமாக இருக்கும்போதும் கலசம் சட்டத்துக்குள் வந்துவிடும். தெற்குப் பக்கம் அவ்வளவு இடம் கிடையாது. தென்கிழக்கு மூலைப் பக்கம் பின்வாங்கிப் போனால் கிடைக்கும். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரையாக இருக்கும், வெட்டிவிடலாம். லென்ஸையே மேலே நகர்த்துகிற ஷிஃப்ட் லென்ஸ் செய்வதும் இதே வேலைதான், தரையை வீணாக்காமல். அதன் விலையைக் கேட்டால் எனக்கு நடப்பதே மேல் என்று தோன்றும்.

சரி, எடுத்த படம் வீணாகவில்லை. லைட்ரூம் மூலக்கோப்பைத் தொடாது. அந்த இரண்டு கோடுகளையும் அழித்துவிட்டு அரைத்தூண்களில் போட்டு, அம்மாவிடம் மறுபடி காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.