குடம் அடிக்கிறவர்

அன்புள்ள ஐயா,
நியூயார்க் மாநிலத்தின் சிங் சிங் சிறையில் 1996 முதல் கைதிகளுக்கு நாடகம் கற்றுத்தருகிறார்களாம். நம் பாளையங்கோட்டை மத்தியச் சிறையிலும் அப்படிச் செய்தால் ஆட்கள் திருந்துவார்களா, இல்லை வரிப்பணத்துக்குத்தான் கேடா? கோயில் கமிட்டி வேலைகளுக்கு நடுவே எழுதுகிறேன், பிழை பொறுக்கவும்.
ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

கலை ஆளைத் திருத்தும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கலைஞர்களோடு நாற்பது வருடம் பழகியவன் நான்.

ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணனும் தியாகராஜ பாகவதரும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதானார்கள். ஆயுள் தண்டனை. 1947இல் குற்றமற்றவர்கள் என்று விடுதலை. கிருஷ்ணன் 1949இல் ‘நல்லதம்பி’யில் கிந்தனார் காலட்சேபம் செய்து மறுபடியும் சிரிக்கவைத்தார். பாகவதருக்குப் பழைய கூட்டம் திரும்பவே இல்லை. பாட்டு மறந்தா போயிற்று? அவருக்கு வெளியே இடம் இல்லாமல் போயிற்று. நீதிமன்றமே விடுவித்தவருக்கு இந்தக் கதி என்றால், குற்றம் செய்து தண்டனையை முடித்து வருகிறவனுக்கு?

இரணியல் பக்கம் எனக்குத் தெரிந்த வில்லிசைக் குழு ஒன்று உண்டு. அதில் குடம் அடிக்கிறவர் கொலை வழக்கில் பல வருடம் பாளையங்கோட்டையில் இருந்தவர். உள்ளே பஜனைக்குத் தகர வாளியைத் தட்டித் தட்டிக் கை பழகியது. வெளியே வந்ததும் வாடகைக்கு வீடு தர ஆளில்லை. ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பாடப் போனபோது, “அந்த ஆள் மட்டும் வேண்டாம்” என்றார்கள் ஊர்க்காரர்கள். குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி, வில்லைத் தட்டும் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டார். “குடம் இல்லாமல் நான் வில்லில் கை வைக்க மாட்டேன்.” சாயங்காலம் வரை பேச்சு நீண்டது. கடைசியில் பாட்டு நடந்தது. செத்தவரின் வீட்டார் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அன்று சுடலைமாடன் கதை. ஊரே பயந்து கும்பிடும் கதையிலும் கொலையும் பழியும்தான். விடியும்வரை அவர் தாளம் ஓரிடத்திலும் பிசகவில்லை. அண்ணாவி மூச்சு வாங்கும் இடம் தெரிந்து அடித்தார், அவர் பேசும்போது கையை அடக்கினார். நாடக ஒத்திகையில் பழகுவதும் ஏறக்குறைய இதுதான்: நேரத்துக்கு வருவது, தன் முறை வரும்வரை பொறுப்பது.

அதனால் பாளையங்கோட்டையில் தாராளமாகக் கற்றுத்தரட்டும். வரிப்பணம் அதைவிட மோசமாகப் போகிற இடங்களை நீங்களே அறிவீர்கள். ஆனால் அந்த அண்ணாவியை எந்தத் துறை நியமிக்கும்?

கமிட்டி வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வருடக் கொடைக்கு வில்லுக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா?